ஒரே உலையா, தனி உலையா?

அந்த அக்கா முதன்முதலாக வந்தபோது அவர் கையில் ஒரு மளிகைக்கடை பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே கடித உறைகள். எண்ணிப் பார்த்தேன், 23. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. பக்கத்தில் புத்தகப் பையோடு 12 வயது மகள்.

"இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுறீங்களோ, தங்கச்சி? பிள்ளை வாசிக்கிறவள்தான். இப்ப தனக்கே விளங்கேல்லை எண்டுறாள்" என்றார்.

நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் ஒரு சமூக மையத்தில் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்ப உதவி செய்கிறேன். வங்காளதேசம், நேபாளம், திபெத், பஞ்சாப், சீனாவின் ஃபூஜியான் என்று பல ஊர்க்காரர்கள் அங்கே வருவார்கள். தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. அதனால் தமிழில் ஒரு குரல் கேட்டால் மையத்தில் இருப்பவர்கள் உடனே என்னைக் கைகாட்டுவார்கள். 2022இல் குளிர் விட்டுப்போன ஒரு சனிக்கிழமை இவர் வந்தார். அந்தப் பையிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உறைகளைப் பிரித்து வகைப்படுத்தினோம். கரண்ட் பில், கிரெடிட் கார்டு விளம்பரங்கள், பள்ளிக்கூடத்துக் கடிதங்கள், ஒரு மருத்துவமனை பில். அடியில், ஏழு வாரத்துக்கு முந்தைய தேதியோடு, உணவு உதவிக்கு அவர்கள் போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டதாக ஒரு கடிதம். ஸ்நாப் என்று இப்போது பெயர். பழைய ஆட்கள் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்றே சொல்வார்கள். காரணம் ஒரே வரியில் இருந்தது: வருமானம் வரம்பைத் தாண்டுகிறது.

எனக்கு அது பொருந்தவில்லை. கணவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கும் வேலை செய்கிறார். இவர் ஒரு கிடங்கில் பொதி கட்டுகிறார். வாரத்துக்கு ஐந்து நாளாக இருந்த வேலை இரண்டு நாளாகக் குறைந்துவிட்டது. இந்தச் சம்பளம் எப்படி வரம்பைத் தாண்டும்?

தொலைபேசி நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று மகளிடம் விசாரித்தேன். அவள் தெளிவாகவே சொன்னாள். "ஹவுஸ்ஹோல்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நான் அம்மாவிடம் நம் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். அம்மா ஏழு என்றார். பிறகு ஒவ்வொருவரும் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்டார்கள்."

ஏழு பேர் யார் யார்? இவர், கணவர், மகள். அப்புறம் கணவரின் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு மகன்கள். அண்ணன் டாக்ஸி ஓட்டுகிறார். மூத்த மகன் ஒரு கடையில் முழுநேர வேலை பார்க்கிறான். நான்கு பேர் உழைப்பும் ஒரே கணக்கில் விழுந்துவிட்டது.

ஸ்நாப் விதியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு கூரையின் கீழ் இருப்பது மட்டும் போதாது. சேர்ந்து உணவுப்பொருள் வாங்கி, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு ஹவுஸ்ஹோல்ட். கணவன் மனைவியையும், பெற்றோரோடு இருக்கும் 22 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் பிரிக்க முடியாது. ஆனால் அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தாலும் தனித்தனியாக வாங்கிச் சமைத்தால் இரண்டு கணக்கு. இதை எப்படித் தமிழில் கேட்பது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். குடும்பம் என்றால் ஊரில் இருக்கும் மாமியார் வரை வந்துவிடுவார். வீடு என்றால் கட்டடம். கடைசியில், "அக்கா, உங்க வீட்டுல ஒரே உலையா, தனித்தனி உலையா?" என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "அவை மேல, நாங்கள் கீழ. உலை வேற, தங்கச்சி. வந்த முதல் வருசம் மட்டும்தான் ஒண்டாச் சமைச்சனாங்கள்."

இவ்வளவுதான் விஷயம். ஒரு சொல் சரியாகப் போய்ச் சேராததால் அந்த வீட்டில் மூன்று பேருக்கு இரண்டு மாதமாக வரவேண்டிய சாப்பாட்டுப் பணம் வரவில்லை. அந்தக் குழந்தையின் மீது எந்தத் தவறும் இல்லை. அவள் கேட்ட சொல்லைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். அன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னால்தான் கெட்டது என்று புரிந்துகொண்ட குழந்தையின் முகம் அது. "உன் மேல தப்பே இல்லம்மா. இந்த வேலை உன்கிட்ட வந்திருக்கவே கூடாது" என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. குடியேறிகள் இருக்கும் தெருக்களில் எட்டு வயதிலிருந்தே பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளர்களாகிவிடுகிறார்கள். வாடகை பாக்கி, அப்பாவின் ரத்த அழுத்தம், அம்மாவின் கருப்பைக் கட்டி எல்லாம் அவர்கள் வாய் வழியாகப் போகிறது. மருத்துவ இடங்களில் அவசர நேரம் தவிரப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016இல் மத்திய விதியே வந்தது. ஆனால் ஒரு நேர்காணல் அழைப்பு மதியம் மூன்று மணிக்கு வரும்போது, வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் ஏழாம் வகுப்புப் பிள்ளை என்றால், ஃபோன் அவளிடம்தான் போகிறது.

மொழி உதவி கேட்பது சலுகை கேட்பது ஆகாது. மத்திய அரசின் பணம் பெறும் எந்தத் திட்டமும் பிறந்த தேசத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் சொல்கிறது. அதற்கு உயிர் கொடுத்தவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனக் குடும்பங்கள். ஆங்கிலம் புரியாத ஏறக்குறைய 1,800 சீன வம்சாவளி மாணவர்களுக்கு எந்த மொழி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். லாவ் எதிர் நிக்கல்ஸ் என்ற அந்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. எல்லோருக்கும் ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் கொடுப்பதாலேயே சமமாக நடத்தியதாக ஆகிவிடாது. 2000 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் போட்ட ஆணை, மத்திய அரசு அலுவலகங்கள் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களுக்கு வழி செய்ய வேண்டும் என்றது. ஆங்கிலத்தை நாட்டின் அதிகாரபூர்வ மொழியாக அறிவித்த 2025 மார்ச் ஆணை அதை ரத்து செய்துவிட்டது. 1964 சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நியூயார்க் நகரத்துக்கென்று 2017இல் ஒரு உள்ளூர்ச் சட்டம் வந்தது. நகர அலுவலகங்கள் முக்கியமான ஆவணங்களைப் பத்து மொழிகளில் தர வேண்டும்: ஸ்பானிஷ், சீனம், ரஷ்யன், வங்காளம், ஹெய்ட்டியன் கிரியோல், கொரியன், அரபு, உருது, பிரெஞ்சு, போலிஷ். தமிழ் அதில் இல்லை. நேபாளியும் பஞ்சாபியும் இல்லை. பேசுகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் போட்ட பட்டியல், அதனால் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே சட்டத்தில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புக்கும் இடம் இருக்கிறது. அதில் தமிழ் உண்டு. கேட்க வேண்டும், அவ்வளவுதான். "தமிழ் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்" என்ற மூன்று சொல். அந்த அக்காவுக்கு அதை ஒரு அட்டையில் ஆங்கிலத்திலும், கீழே தமிழ் எழுத்திலும் எழுதிக் கொடுத்தேன். இன்னும் அதை பர்ஸில் வைத்திருக்கிறார்.

பைக்குத் திரும்புகிறேன். அடுத்த கடிதம் பெயர்ப் பிரச்சினை. தமிழர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நமக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும். இங்கே படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் விசாவில் எஃப்.என்.யூ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அந்த மூன்று எழுத்து பிறகு வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். கணவரின் பெயர் சம்பளச் சீட்டில் ஒரு மாதிரியும், க்ரீன் கார்டில் வேறு மாதிரியும் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரே என்று காட்ட அலுவலகம் ஆவணம் கேட்டிருந்தது. பதிலுக்குப் பத்து நாள் கொடுத்திருந்தார்கள். கடிதம் பிரிக்கப்படாமல் இருந்தது.

ஏன் பிரிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. பிரித்தால் கெட்ட செய்திதான் வரும் என்று பழகிப்போனவர்கள் உறையைத் தொடவே பயப்படுவார்கள். இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அந்தப் பயத்துக்கு ஒரு சட்ட வரலாறும் இருக்கிறது. அதிபர் கிளின்டன் 1996 ஆகஸ்டில் கையெழுத்திட்ட சமூகநலச் சட்டம் குடியேறிகளைத் தகுதி உள்ளவர், இல்லாதவர் என்று வெட்டிப் பிரித்தது. அதற்குப் பிறகு க்ரீன் கார்டு வாங்கிய பெரும்பாலோர், மத்திய அரசின் மெடிக்கெய்ட் மருத்துவ உதவிக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். உணவு உதவியை அந்தச் சட்டம் இன்னும் கடுமையாகவே அடைத்தது. 2002இல் வந்த வேளாண் சட்டம்தான் ஐந்து ஆண்டு நிறைந்தவர்களுக்கும், காத்திருப்பே இல்லாமல் பிள்ளைகளுக்கும் அதைத் திரும்பத் திறந்துவிட்டது. வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்குமான எஸ்.எஸ்.ஐ மாத உதவி பெற, க்ரீன் கார்டு வைத்திருப்பவர் பெரும்பாலும் 40 காலாண்டு, அதாவது பத்தாண்டு உழைப்பைக் காட்ட வேண்டும். 68 வயதில் பேரனைப் பார்க்க வந்த அம்மா எங்கே போய்ப் பத்தாண்டு உழைப்பார்?

இதில் நியூயார்க் மாநிலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1938இல் இந்த மாநிலத்தின் அரசியல் சாசனத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள்: வறியவர்களுக்கு உதவுவதும் பராமரிப்பதும் பொதுக் கடமை, அதை மாநிலம் செய்ய வேண்டும். பொருளாதார மந்தத்தில் மக்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில் எழுதிய வரி அது. 2001இல், சட்டப்படி இங்கே வாழும் நோயுற்ற குடியேறிகள் சிலர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றத்தில் வென்றார்கள். அலியெஸ்ஸா வழக்கு என்பார்கள். அதனால் நியூயார்க்கில் மெடிக்கெய்ட்டுக்கு அந்த ஐந்து ஆண்டுக் காத்திருப்பு கிடையாது. செலவை மாநிலம் ஏற்கிறது. எந்த மாநிலத்தில் விமானம் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு இன்சுலின் கிடைப்பதும் கிடைக்காததும் தீர்மானமாகிறது. இது எனக்கு இன்றும் ஜீரணிக்க முடியாத விஷயம்.

பிள்ளைகள் பெற்றோரை ஸ்பான்சர் செய்து வரவழைக்கும் நம் குடும்பங்களில் இன்னொரு தாள் இருக்கிறது. ஐ-864 என்ற உறுதிமொழிப் பத்திரம். வறுமைக்கோட்டின் 125 விழுக்காடு வருமானம் காட்டி, வருகிறவரைத் தாங்குவேன் என்று கையெழுத்திட வேண்டும். வந்தவர் குடியுரிமை வாங்கும் வரையோ, 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரையோ அது செல்லும். சண்டை போட்டுப் பிரிந்தாலும் செல்லும். அதற்குள் பெற்றோர் உதவி கேட்டால் மகனுடைய வருமானத்தையும் அவர்கள் கணக்கில் சேர்த்துப் பார்ப்பார்கள். இப்போதே மகன் வீட்டில் பாரமாக இருக்கிறோம் என்று நினைக்கிற முதியவர்கள் இதைக் கேட்டதும், "வேண்டாம்பா, பையனுக்குத் தொந்தரவு" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் பப்ளிக் சார்ஜ். அரசுக்குப் பாரமாக ஆகிவிடக் கூடியவருக்கு அனுமதி மறுக்கலாம் என்று 1882 குடியேற்றச் சட்டத்தில் நுழைந்த சொல் அது. சீனர்களைத் தடுக்கும் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். ரொக்க உதவி, நீண்டகால விடுதிப் பராமரிப்பு ஆகிய இரண்டை மட்டும் கணக்கில் எடுத்த பழைய வழிகாட்டுதலை மாற்றி, உணவு உதவி, மெடிக்கெய்ட், வீட்டு வாடகை உதவி எல்லாவற்றையும் சேர்த்து 2019இல் ஒரு விதி வந்தது. நடைமுறைக்கு வந்தது 2020 பிப்ரவரியில். 2021 மார்ச்சில் முடிந்துவிட்டது. ஆனால் அது வருவதற்கு முன்பே, வரப்போகிறது என்ற பேச்சிலேயே வேலையைக் காட்டிவிட்டது. க்ரீன் கார்டுக்கு ஆபத்து என்று பயந்து, குடியேறிக் குடும்பங்களின் பெரியவர்களில் ஏழில் ஒருவர் 2018இல் ஏதோ ஒரு அரசு உதவியைத் தவிர்த்ததாக அர்பன் இன்ஸ்டிட்யூட் ஆய்வு சொன்னது. பயந்தவர்களில் பலர் மீது அந்த விதி படவே படாது. க்ரீன் கார்டு ஏற்கெனவே வைத்திருந்து குடியுரிமைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சோதனை கிடையாது. அகதிகளுக்கும் அடைக்கலம் பெற்றவர்களுக்கும் கிடையாது. இங்கே பிறந்த பிள்ளை சாப்பிடுவதை அப்பா அம்மா கணக்கில் எழுத மாட்டார்கள்.

அந்த அக்காவும் இதைத்தான் கேட்டார். "நாளைக்கு சிற்றிசன் எடுக்கேக்க இதைக் கேப்பினமோ?" அடைக்கலம் கிடைத்து, க்ரீன் கார்டும் வந்து சில ஆண்டுகள் ஆன குடும்பம். 2022இல் என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடிந்தது. "கேக்க மாட்டாங்க அக்கா. இது உங்க உரிமை, வாங்குங்க."

இன்று அதே தைரியத்தோடு எல்லோரிடமும் சொல்ல முடிவதில்லை. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, பழைய குறுகிய வரையறையை உறுதி செய்த விதியை அப்படியே நீக்கும் முன்மொழிவு 2025 நவம்பரில் வந்தது. மெடிக்கெய்ட் பதிவுகளைக் குடியேற்றத் துறையோடு பகிர்ந்துகொண்டதும் 2025இல்தான். அகதியாகவும் அடைக்கலம் பெற்றும் வந்தவர்கள் க்ரீன் கார்டு வாங்கும் வரை உணவு உதவி பெறும் வழியை, அதே ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் மூடிவிட்டது. சாகாமல் தப்பி வந்தவரிடம், முதல் மாதங்களில்தான் ஒன்றுமே இல்லாமல் நிற்பவரிடம், பிறகு வா என்று சொல்வதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. குடியேற்றம் தொடர்பாக ஒரு கேள்வி வந்தால் இப்போது நான் பதில் சொல்வதே இல்லை; நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதி இருக்கும் அமைப்புக்கோ, இலவச சட்ட உதவி வழக்கறிஞரிடமோ கூட்டிப் போகிறேன். டிராவல்ஸ் கடையிலும் வரி போடும் கடையிலும் 150 டாலர் கொடுத்துப் படிவம் நிரப்புகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஸ்நாப் விண்ணப்பத்துக்கோ மெடிக்கெய்ட் விண்ணப்பத்துக்கோ ஒரு காசு கட்டணம் கிடையாது.

பயம் பாதி என்றால் வெட்கம் பாதி. ஆசியர் என்றால் படித்தவர், பணக்காரர் என்ற பிம்பம் 1966 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகைகளில் பிறந்தது. நம்மவர்களும் அதை ஆசையோடு எடுத்துக்கொண்டோம். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2016இல் ஆசியர்களில் மேல் பத்து விழுக்காட்டினரின் வருமானம் கீழ் பத்து விழுக்காட்டினருடையதைப் போல 10.7 மடங்கு, அமெரிக்காவின் எந்த இனக்குழுவிலும் இவ்வளவு இடைவெளி இல்லை. பத்து ஆசியர்களில் ஒருவர் வறுமையில் இருக்கிறார் என்று 2024இல் அதே மையம் எழுதியது. ஐ.டி. கம்பெனியில் மேலாளராக இருப்பவரும் அதே ஊரில் பாத்திரம் தேய்ப்பவரும் ஒரே சராசரிக்குள் விழும்போது, பாத்திரம் தேய்ப்பவர் காணாமல் போகிறார். கோயிலில் இருவரும் ஒரே வரிசையில் நின்று பிரசாதம் வாங்கினாலும் ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. எனக்கும் பல வருடம் தெரியாமல்தான் இருந்தது.

தெரிந்து வேலை செய்தவர்கள் அன்றே இருந்தார்கள். சைனாடவுனில் 1965இல் தொடங்கிய சீன அமெரிக்கத் திட்டக் குழுமம், தெற்காசியப் பெண்களுக்காக 1989இல் எழுந்த சகி, குயின்ஸின் ஃப்ளஷிங்கில் 2000இல் தொடங்கிய தெற்காசிய சமூக சேவைக் குழுமம் எல்லாமே, அந்தந்த மொழி பேசும் ஒரு சிலர் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்ததில் வளர்ந்தவை. ஃப்ளஷிங்கில் இலவச உணவு வழங்கும் இடத்தில் அரிசியும் பருப்பும் கொடுக்கிறார்கள். பலருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். டப்பாவில் அடைத்த சூப்பும் மக்ரோனியும் கொடுத்தால் நம் பாட்டிகள் வாங்கி வந்து அலமாரியில் அடுக்கி வைப்பார்கள், சாப்பிட மாட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சத்துணவு தரும் விக் திட்டத்திலேயே பழுப்பரிசியும் டோஃபுவும் சோயாப் பாலும் வர 2009 ஆனது. அதுவரை பாலும் சீஸும் முட்டையும் போன்றவைதான். பால் ஒத்துக்கொள்ளாத உடம்போடு எத்தனை ஆசியத் தாய்மார்கள் அதை வாங்கிச் சென்றிருப்பார்கள்!

விக் திட்டத்தில் குடியேற்ற நிலை கேட்பதில்லை. நகரப் பள்ளிகளில் 2017 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம், அங்கேயும் கேட்பதில்லை. 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த மாநிலத்தின் மருத்துவக் காப்பீடு, எந்தத் தாளும் இல்லாதவர்களின் பிள்ளைகளுக்கும் உண்டு. இந்த மூன்றையும் நான் பார்க்கிற ஒவ்வொரு தாயிடமும் சொல்லிவிடுவேன்.

பையின் அடியில் இருந்த இன்னோர் உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நாங்கள் கீழ" என்று அவர் சொன்னாரே, அந்தக் கீழ் என்பது பேஸ்மென்ட். தரைக்கு அடியில் ஓர் அறை, ஒரு மின்னடுப்பு, கைக்கெட்டாத உயரத்தில் சின்ன ஜன்னல். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மழை இந்த நகரத்தில் 13 பேரைக் கொன்றது. அவர்களில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் இறந்தவர்கள், பலர் குயின்ஸில் வாழ்ந்த ஆசியக் குடியேறிகள். இவர்கள் வீட்டிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மேலே இருந்த அண்ணன்தான் இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கிப் போயிருக்கிறார். பேரிடர் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் அந்த உறைக்குள் இருந்தது. கடைசித் தேதி எப்போதோ போய்விட்டிருந்தது. மத்திய உதவி கிடைக்காத, தாள் இல்லாத குடும்பங்களுக்காக மாநிலமும் நகரமும் சேர்ந்து 2.7 கோடி டாலர் நிதி ஒதுக்கின. தாள் இருந்த இந்தக் குடும்பத்துக்கு மத்திய உதவிக்கே தகுதி இருந்தது. நான் அந்தக் கடிதத்தை வாசித்துச் சொன்னபோது அவர் அழவில்லை. "மெத்தை மட்டுமெண்டாலும் வாங்கியிருக்கலாம்" என்றார்.

சரி, ஸ்நாப் விஷயத்துக்கு வருகிறேன். மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு முடிந்துவிடுவதில்லை. நியூயார்க்கில் ஸ்நாப் முடிவை எதிர்த்து 90 நாளுக்குள் முறையீட்டு விசாரணை கேட்கலாம். மெடிக்கெய்ட்டுக்கும் ரொக்க உதவிக்கும் 60 நாள். ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் உதவியை நிறுத்துவதாகக் கடிதம் வந்தால், நிறுத்தும் தேதிக்கு முன் விசாரணை கேட்டுவிட்டால் தீர்ப்பு வரும் வரை உதவி தொடரும். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் உதவிப் பணம் வரும் அட்டை காலியாகியிருக்காது. எந்தக் கடிதமானாலும் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் உள்ள தபால் முத்திரைத் தேதியும் சில நேரம் தேவைப்படும்.

நாங்கள் விசாரணையும் கேட்டோம், புதிதாக விண்ணப்பமும் போட்டோம். தனி உலை என்று அண்ணன் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வாடகையை ரொக்கமாக வாங்குவதையும் அதில் எழுதினார். கணவரின் முதலாளி சம்பளக் கடிதம் தர இழுத்தடித்தார். மூன்று முறை போய் நின்று வாங்கினோம்.

நேர்காணல் நாளன்று மையத்தின் பின்னறையில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு உட்கார்ந்தோம். மகளும் வந்திருந்தாள், பள்ளி விடுமுறை. அழைப்பு வந்ததும் அக்கா அட்டையைப் பார்த்து அந்த மூன்று சொல்லையும் தானே சொன்னார். அதிகாரி காத்திருக்கச் சொன்னார். ஏதோ ஓர் இசை ஆறேழு நிமிடம் ஓடியது. அக்கா மகளைப் பார்த்து, "நீ வெளியில போய் நில்லு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நானும் போ என்று தலையாட்டினேன்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரல் ஒன்று வந்தது. "வணக்கம்மா, நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேசறேன்." அக்காவின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. பெயர், பிறந்த தேதி, விலாசம். பிறகு அந்தக் கேள்வி வந்தது. "உங்க குடும்பத்துல மொத்தம் எத்தனை பேருங்கம்மா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"குடும்பத்தில ஏழு பேர், பிள்ளை. ஆனா உலை வேற. எங்கட உலையில மூண்டு பேர்."

அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி. "உலைன்னா… தனியா சமைக்கறீங்களாம்மா?"

"ஓம். அரிசி தனிய வாங்குறம், தனிய சமைக்கிறம். அவை மேல, நாங்கள் கீழ."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் நீளமாக, ஒன்றும் விடாமல் சொன்னார். அதிகாரி தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நாற்பது நிமிடம் பேசினார்கள். நடுவில் வேலை குறைந்ததைப் பற்றிச் சொல்லும்போது அக்காவின் குரல் உடைந்தது. மகள் இருந்திருந்தால் அதை அவர் சொல்லியிருக்கவே மாட்டார்.

கதவைத் திறந்தபோது அவள் வாசல்படியில் ஒரு நேபாளிப் பெண்ணோடு உட்கார்ந்து ஏதோ சிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"என்ன கேட்டவை அம்மா? நான் வரட்டோ?"

"வேண்டாம், நான் சொல்லீட்டன். நீ போய் விளையாடு."